சூப்பர் ஹீரோ ஆந்தாலஜி இதழுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே கதை கொண்ட காமிக்ஸுக்குச் சரளமாக விமர்சனம் எழுதுகிறவர்கள்கூட, நாலைந்து கதைகள் கொண்ட ஆந்தாலஜி இதழைக் கையில் எடுத்ததும் தடுமாறுகிறார்கள். அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முன் பதில்களைப் பின்னால் வருபவை தொட்டுப் பேசுவதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

ஆந்தாலஜின்னு எதைச் சொல்றீங்க? ஒரே ஹீரோ வந்தாலும் ஆந்தாலஜிதானா?

ஒரே இதழுக்குள் தனித்தனிக் கதைகள், பெரும்பாலும் தனித்தனி ஆட்கள் உருவாக்கியவை, இருந்தால் அது ஆந்தாலஜி. ஹீரோ ஒருவரா பலரா என்பது முக்கியமில்லை. 1996-ல் அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனமான டிசி வெளியிட்ட ‘பேட்மேன்: பிளாக் அண்ட் ஒயிட்’ நான்கு இதழ்களிலும் பேட்மேன்தான். ஆனால் எட்டு பக்கத்துக்கு ஒரு முறை கதையும் கைகளும் மாறிவிடும்.

சூப்பர் ஹீரோ கதைகள் தொடங்கியதே ஆந்தாலஜியில்தான். 1938 ஜூன் தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் சூப்பர்மேனுக்குக் கிடைத்தது 13 பக்கம். மற்ற பக்கங்களில் ஸடாரா என்ற மந்திரவாதி, சக் டாசன் என்ற கௌபாய் என்று வேறு பல பேர். பேட்மேன் 1939 மே மாத டிடெக்டிவ் காமிக்ஸ் 27-ல் ஆறு பக்கக் கதையில் அறிமுகமானார். டாக்டர் ஸ்ட்ரேஞ்சுக்கு 1963 ஜூலை மாத ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ் 110-ல் கிடைத்தது ஐந்தே பக்கம்.

முழு நீளக் கதைக்கு எழுதுற மாதிரியே இதுக்கும் எழுதினா போதாதா?

போதாது. முழு நீளக் கதையில் கேட்கிற கேள்விகளை ஐந்து பக்கக் கதையிடம் கேட்டால் அது எப்போதும் தோற்கும். ‘கதாபாத்திரம் ஆழமாக இல்லை’, ‘வில்லனுக்குப் பின்னணி இல்லை’, ‘சட்டென்று முடிந்துவிட்டது’ என்று ஆந்தாலஜி விமர்சனங்களில் அடிக்கடி வரும் மூன்று குறைகளையும் பாருங்கள். மூன்றுமே பக்க எண்ணிக்கையைப் பற்றிய புகார்கள். கதையைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை.

அதனால் முதல் வேலையாக ஒவ்வொரு கதைக்கும் எத்தனை பக்கம் என்று எண்ணி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கேளுங்கள்: இந்தப் பக்கங்களுக்குள் இந்தக் கதை எதைச் செய்ய முயன்றது, எதை வேண்டுமென்றே விட்டுவிட்டது, விட்டது சரிதானா? ஆந்தாலஜி விமர்சனத்தின் அடிப்படை இதுதான் என்பது என் உறுதியான கருத்து. கீழே வருகிற பதில்களில் பாதி இதிலிருந்து கிளைப்பவை.

எட்டு பத்து பக்கத்துல என்ன இருக்கப் போகுது? ரெண்டு வரிக்கு மேல எழுத வரமாட்டேங்குது.

கதைச் சுருக்கத்தை எழுத நினைப்பதால்தான் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. கதை எதைக் காட்டியது, எதைக் காட்டாமல் சொன்னது, எதைச் சொல்லாமலே விட்டது என்று பார்க்கத் தொடங்கினால் எழுத இடம் போதாது.

1962 ஆகஸ்ட் மாத அமேஸிங் ஃபேன்டஸி 15-ஐ எடுத்துக்கொள்வோம். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் உருவாக்கிய ஸ்பைடர்மேனின் முதல் கதை, 11 பக்கம். அதற்குள் பள்ளியில் ஒதுக்கப்படும் பீட்டர், சிலந்திக் கடி, மல்யுத்த மேடை, தொலைக்காட்சிப் புகழ், தப்பி ஓடும் திருடன், பெரியப்பா பென்னின் சாவு, பழிவாங்கல் எல்லாம் நடந்து முடிகின்றன. இவ்வளவுக்கும் இடம் எங்கிருந்து வந்தது? பென் சுடப்படும் காட்சியே கதையில் கிடையாது. பீட்டர் வீட்டுக்கு வருகிறான், வாசலில் காவலர் நிற்கிறார், செய்தி சொல்கிறார், அவ்வளவுதான். பென் உயிரோடு இருக்கும் கட்டங்களும் (பக்கத்தில் பிரிக்கப்பட்டிருக்கும் படச் சதுரங்கள்) சொற்பம். எல்லோருக்கும் மனப்பாடமான ‘பெரும் சக்தியோடு பெரும் பொறுப்பும் வரும்’ என்ற கருத்தைக்கூட அவர் சொல்லவில்லை. கடைசிக் கட்டத்தில், தனியாக நடந்துபோகும் பீட்டருக்கு மேலே கதைசொல்லியின் குரலாகத்தான் அது வருகிறது.

மிச்சப்படுத்திய இடத்தையெல்லாம் லீயும் டிட்கோவும் திருடன் ஓடும் காட்சிக்கும், கடைசியில் அவன் முகம் தெரியும் காட்சிக்கும் கொடுத்திருக்கிறார்கள். பென்னைச் சுட்டவன், தான் தப்பவிட்ட அதே திருடன்தான் என்று பீட்டருக்குப் புரிகிற இடம்தான் மொத்தக் கதையும். கையிலிருக்கும் எட்டு பக்கக் கதையில் அப்படி ஒரு இடம் எங்கே இருக்கிறது, அதற்காக மற்றதெல்லாம் எப்படிச் சுருங்கியிருக்கிறது என்று தேடுங்கள். அப்படி ஒரு இடமே இல்லையென்றால் அதுவும் எழுத வேண்டிய விஷயம்தான்.

இதழில் இருக்கிற எல்லாக் கதையையும் எழுதணுமா?

எல்லாவற்றின் பெயரையும் ஆட்களையும் குறிப்பிடுங்கள். சம இடம் கொடுக்க வேண்டியதில்லை. சொல்ல விஷயம் இருக்கிற கதைக்கு நான்கு பத்தி, இல்லாததற்கு ஒரு வாக்கியம். ஆனால் ஒரு கதையை அறவே விட்டுவிட்டால், படிக்கிறவருக்கு அது இதழில் இருப்பதே தெரியாமல் போய்விடும். சின்னக் கதைகள் மறக்கப்படுவது இப்படித்தான்.

அச்சில் இருக்கிற வரிசைப்படி எழுதுறதா, பிடிச்சதை முதல்ல எழுதுறதா?

இரண்டும் சரி. ஆனால் அச்சு வரிசையை ஒருமுறையாவது யோசித்துப் பாருங்கள். எந்தக் கதை முதலில், எது கடைசியில் என்பது எடிட்டரின் முடிவு. இதழில் அவருடைய கை வெளிப்படையாகத் தெரியும் இடம் அது. மூன்று இருண்ட கதைகளை அடுக்கிவிட்டுக் கடைசியில் வேடிக்கையான ஒன்றை வைத்திருந்தால், அந்த வேடிக்கைக் கதை தனியாகப் படிக்கும்போது தராத ஒன்றை அங்கே தருகிறதா என்று கேட்கலாம். வரிசை இதழுக்கு உதவியிருந்தால் அதே வரிசையில் எழுதுங்கள்.

நாலு கதைக்கும் தனித்தனியா ஸ்டார் போட்டு சராசரி எடுக்கிறேன். சரிதானே?

தனித்தனியாகப் போடுவது சரி. சராசரி வேண்டாம். மேலே சொன்ன அமேஸிங் ஃபேன்டஸி 15-லேயே ஸ்பைடர்மேன் கதைக்குப் பிறகு மூன்று குட்டிக் கதைகள் இருக்கின்றன. அவையும் லீ, டிட்கோ கூட்டணிதான். கடைசியில் ஒரு திருப்பம் வைத்து முடியும் வழக்கமான விசித்திரக் கதைகள். சராசரி போட்டால் அந்த இதழ் ‘பரவாயில்லை’ என்று வரும். அந்த இதழைப் பற்றி அதைவிடத் தவறான ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாது.

முழு இதழுக்கும் ஒரு மதிப்பெண் கட்டாயம் வேண்டுமென்றால், ஒரு மாதம் கழித்து இந்த இதழை எதற்காக மறுபடி எடுப்பேன் என்று கேட்டு அதற்குப் போடுங்கள். ஒரு கதைக்காக மட்டுமே எடுப்பீர்கள் என்றால் அப்படியே எழுதுங்கள். எண்ணைவிட அந்த வாக்கியம் வாசகருக்கு அதிகம் உதவும்.

குட்டிக் கதையில் திருப்பமே கடைசிப் பக்கத்தில்தான். ஸ்பாய்லர் இல்லாமல் எப்படி எழுதுவது?

திருப்பம் என்ன என்பதைச் சொல்லாமல், அது நியாயமாக வந்ததா என்பதைச் சொல்லலாம். ‘மூன்றாம் பக்கத்திலேயே தடயம் இருக்கிறது, மறுவாசிப்பில் கண்ணில் படும்’ என்று எழுதினால் எதுவும் கெடாது. ‘முடிவு வானத்திலிருந்து விழுந்தது’ என்றாலும் கெடாது. திருப்பத்தைத் தாண்டி ஒன்றுமே இல்லாத கதை என்றால், அதற்கு ஒரு வாக்கியம் போதும் என்று மேலேயே சொன்னேன்.

புதிய இதழுக்குத்தான் இந்தக் கவனம். அறுபது எழுபது வருடப் பழைய இதழை அலசும்போது, முடிவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தாராளமாக எழுதுங்கள்.

ஓவியத்தைப் பத்தி ‘சூப்பரா இருக்கு’ன்னு தவிர வேற எழுதத் தெரியலை.

ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் உங்கள் கண் முதலில் எங்கே போனது, அடுத்து எங்கே போனது என்று எழுதுங்கள். அதற்குக் கலைச்சொல் எதுவும் தேவையில்லை. பென்சிலில் வரைபவர், மை தீட்டுபவர், வண்ணமிடுபவர், எழுத்து அமைப்பவர் என்று நான்கு வேலைகள் இருப்பது தெரிந்தால் போதும். ஒரே பென்சில் ஓவியம் மை தீட்டுபவர் மாறினால் வேறு முகம் எடுக்கும். ஆந்தாலஜியில் இந்த வித்தியாசங்கள் ஒரே இதழுக்குள் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கின்றன. கண்ணைப் பழக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

‘பிளாக் அண்ட் ஒயிட்’ இதழ்கள் இதற்கு அருமையான பயிற்சி. வண்ணம் இல்லாததால் கறுப்பு எவ்வளவு, எங்கே என்பதை வைத்தே ஒவ்வொரு ஓவியரையும் பிரித்தறியலாம். முதல் இதழில் டெட் மெக்கீவர் எழுதி வரைந்த கதையில் சண்டையே இல்லை. பிணவறையில் அடையாளம் தெரியாத ஒரு பெண்ணின் உடலைப் பேட்மேன் பரிசோதிக்கிறார். உடலில் இருக்கும் தடயங்களிலிருந்து அவள் வாழ்க்கையைப் படிக்கிறார். எட்டே பக்கத்தில் துப்பறிவாளர் பேட்மேனை இப்படியும் காட்டலாம் என்று நிரூபித்த கதை. அதில் கறுப்பு எந்தெந்த இடத்தை மூடுகிறது, எதைத் திறந்து வைக்கிறது என்று மட்டும் ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். ‘சூப்பரா இருக்கு’ தானாகவே போய்விடும்.

நான் வாங்கின இதழில் ஒரு கதை பாதியிலிருந்து ஆரம்பிச்சு ‘தொடரும்’னு முடியுது. அதை எப்படி எடைபோடுவது?

தவணை என்றால் இரண்டு கேள்வி: இந்தத் தவணைக்கென்று ஒரு சம்பவமோ ஒரு உணர்வோ இருக்கிறதா? முந்தையதைப் படிக்காதவர் இந்தப் பக்கங்களில் எதையாவது பிடித்துக்கொள்ள முடிகிறதா? முழுக் கதையின் தரத்தைத் தொடர் முடிந்த பிறகு தனியாக எழுதுங்கள்.

மார்வெல் காமிக்ஸ் பிரசன்ட்ஸ் 1988 முதல் 1995 வரை 175 இதழ்கள் வந்தது; பெரும்பாலும் இதழுக்கு எட்டு பக்கக் கதைகள் நான்கு. அதில் 1991-ல் 72 முதல் 84 வரை ஓடிய ‘வெப்பன் எக்ஸ்’, வுல்வரினின் எலும்புகளில் உலோகம் ஏற்றப்பட்ட கதை. எழுத்து, ஓவியம், வண்ணம் மூன்றும் பேரி வின்ட்சர்-ஸ்மித். லோகன், அதாவது வுல்வரின், பேசுவதே அபூர்வம்; அவனைச் சுற்றி நிற்கும் விஞ்ஞானிகளின் பேச்சுத் துண்டுகள் கட்டங்கள் மேல் மிதந்துகொண்டே இருக்கும். சில தவணைகளில் கதை அங்குலம்கூட நகராது. ஆனால் அறைக்குள் அடைபட்ட மூச்சுமுட்டல் எட்டு பக்கத்திலும் இருக்கும். ‘நகரவில்லை’ என்று மட்டும் எழுதிவிட்டால் அந்தத் தவணைகளின் பலத்தைத் தவற விடுகிறீர்கள்.

2009-ல் டிசி கொண்டுவந்த வெட்னஸ்டே காமிக்ஸ் இன்னும் கடுமையான சோதனை. பன்னிரண்டு வாரம், பதினைந்து தொடர்கள், வாரம் தொடருக்கு ஒரே ஒரு பக்கம். ஆனால் பக்கம் செய்தித்தாள் போல விரியும், 14க்கு 20 அங்குலம். அதைத் திரையில் சுருக்கிப் பார்த்துவிட்டு எழுதினால், ஓவியர்கள் அந்த அகலத்தை வைத்து என்ன செய்தார்கள் என்பதே கையை விட்டுப் போய்விடும்.

பழைய இதழ் படிக்கும்போது எல்லாமே விசித்திரமா இருக்கு. அந்தக் காலத்துக் கண்ணோட்டத்தில் பார்க்கணுமா, இன்றைய கண்ணோட்டத்திலா?

இரண்டையும் கலக்காமல் இரண்டையும் சொல்லுங்கள். ஆனால் விசித்திரம் என்று படுவதில் எது கதை சொன்னவரின் தேர்வு, எது தொழிலின் கட்டாயம் என்று பிரித்துவிட வேண்டும். ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில், பிறப்பு வளர்ப்பெல்லாம் ஒரு பக்கத்தில் முடிந்ததும், கட்டப்பட்ட ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு சூப்பர்மேன் இரவில் பாய்ந்து ஓடுவார். யார் அவள், ஏன் ஓடுகிறார் என்று தெரியாது. துணிச்சலான தொடக்கம் என்று பாராட்டத் தோன்றும். உண்மையில் ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் நாளிதழ்த் தொடராகத் தயாரித்திருந்ததை வெட்டி ஒட்டி 13 பக்கமாக்கியதில் முன்பகுதி விடுபட்டுப்போனது. 1939-ல் வந்த சூப்பர்மேன் முதல் இதழில் அது சேர்க்கப்பட்டது. துணிச்சலாகத் தெரிவதும் உண்மை, அது திட்டமிட்டதல்ல என்பதும் உண்மை. இரண்டையும் எழுதலாம்.

நடுவில் படமே இல்லாமல் இரண்டு பக்கம் உரைநடைக் கதை வருவதும் அப்படித்தான். அமெரிக்க அஞ்சல் துறையின் சலுகைக் கட்டணம் கிடைக்க அப்படி எழுத்துப் பக்கங்கள் தேவைப்பட்டன. அதற்காக அவற்றைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 1941 மே மாத கேப்டன் அமெரிக்கா காமிக்ஸ் 3-ல் அந்த மாதிரிப் பக்கங்களில்தான் ஸ்டான் லீயின் பெயர் முதன்முதலில் அச்சேறியது. இன்னொன்று: அட்டையில் இருக்கும் மாதம் கடைக்கு வந்த மாதமல்ல. பழைய இதழ்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே விற்பனைக்கு வந்துவிடும். ‘அந்த மாத நிகழ்வுக்கு உடனே எதிர்வினை செய்திருக்கிறார்கள்’ என்று எழுதுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கதையில் எழுத்தாளர் பெயரே போடலை. இணையத்தில் கிடைக்கிற பேரைப் போட்டுடலாமா?

அச்சில் இருப்பதை அச்சில் இருப்பதாகவும், பின்னால் ஆய்வாளர்கள் கண்டுபிடித்ததை அப்படியே குறிப்பிட்டும் எழுதுங்கள். ஊகத்தை எழுதாதீர்கள். இது நுணுக்கம் பார்க்கிற வேலை அல்ல, ஒருவருடைய உழைப்புக்கான மரியாதை. பேட்மேனின் முதல் கதையை எழுதியவர் பில் ஃபிங்கர். பல பத்தாண்டுகள் பேட்மேனை உருவாக்கியவராக பாப் கேன் பெயர் மட்டுமே அச்சானது. ஃபிங்கரின் பெயர் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது 2015-ல்; அவர் இறந்ததோ 1974-ல். சின்னக் கதையாக இருந்தாலும் மை தீட்டியவர், எழுத்து அமைத்தவர் பெயர்வரை விமர்சனத்தில் போடுவதை நான் ஒருபோதும் விடமாட்டேன். நீங்களும் விடாதீர்கள்.

நான் படித்தது மறுபதிப்புத் தொகுப்பில். அதை வைத்து மூல இதழுக்கு விமர்சனம் எழுதலாமா?

கதைக்கு எழுதலாம். இதழுக்கு எழுத முடியாது. மறுபதிப்புகள் பெரும்பாலும் ஹீரோ வாரியாகப் பிரிக்கப்படுகின்றன. டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ் 59 முதல், அதாவது 1964 நவம்பரிலிருந்து, அயர்ன் மேனும் கேப்டன் அமெரிக்காவும் இதழைப் பங்கிட்டுக்கொண்டார்கள். இன்று அயர்ன் மேன் தொகுப்பு தனி, கேப்டன் அமெரிக்கா தொகுப்பு தனி. இரண்டு கதையும் ஒரே கையில் இருந்த அனுபவம் அங்கே இல்லை. வாசகர் கடிதங்களும் விளம்பரங்களும் பெரும்பாலும் போய்விட்டிருக்கும். வண்ணத்தையும் பல நேரம் புதிதாகப் போட்டிருப்பார்கள், அதனால் மூல வண்ணம் ‘கண்ணை உறுத்துகிறது’, ‘அழகு’ என்றெல்லாம் சொல்ல முடியாது. எந்தப் பதிப்பைப் படித்தீர்கள் என்று முதல் பத்தியில் ஒரு வரி போட்டுவிட்டால் பிரச்சினை இல்லை.

டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ் 99-க்கு அப்புறம் 100-ஐக் காணோமே? நான் எதையாவது விட்டுட்டேனா?

விடவில்லை. 1968-ல் அந்த இதழே கேப்டன் அமெரிக்கா 100 என்று பெயர் மாறியது. அயர்ன் மேன் தனி இதழுக்குப் போனார். அதே வருடம் டேல்ஸ் டு அஸ்டானிஷ் 101-க்குப் பிறகு ஹல்க் 102 வந்தது. ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ் 168-க்குப் பிறகு டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் 169. பத்தாண்டுக்கு மேலாக மார்வெலின் விநியோகம் போட்டி நிறுவனமான டிசியின் தாய் நிறுவனத்துக்குச் சொந்தமான ஒரு விநியோகஸ்தரின் கையில் இருந்தது. மாதம் இத்தனை இதழ்தான் என்ற கட்டுப்பாடும் இருந்தது. அதனால்தான் இரண்டு ஹீரோக்களை ஒரே இதழில் அடைத்தார்கள். கட்டுப்பாடு தளர்ந்ததும் ஆளுக்கு ஒரு இதழ். பங்கிட்ட காலத்துக் கதைகளின் வேகமும் நெருக்கமும் எனக்கு மிகவும் பிடிக்கும். பத்து பன்னிரண்டு பக்கத்துக்குள் அடங்கியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கிறது.

அட்டையில் பெரிய ஹீரோ, உள்ளே அவருக்கு ஆறு பக்கம். ஏமாத்து வேலைன்னு எழுதலாமா?

அட்டையை அட்டையாக விமர்சியுங்கள், கோபத்தைக் கதைகள் மேல் இறக்காதீர்கள். பெரிய ஹீரோவின் நிழலில்தான் ஆந்தாலஜி புதியவர்களை வளர்க்கிறது. மார்ஷியன் மேன்ஹன்டர் 1955 நவம்பரில் டிடெக்டிவ் காமிக்ஸ் 225-ல் பேட்மேனுக்குப் பின்னால்தான் வந்தார்.

புதுசா வர்றவங்க எழுதின கதை மோசமா இருந்தா கடுமையா எழுதலாமா?

கதையைப் பற்றி நேர்மையாக எழுதுங்கள், ஆளின் எதிர்காலத்தைத் தீர்ப்பு சொல்லாதீர்கள். ஆந்தாலஜி சோதனைக்களம். டிசியின் ஷோகேஸ் என்ற இதழ் அதற்காகவே நடத்தப்பட்டது. 1956 அக்டோபரில் அதன் நான்காவது இதழில் வந்த புதிய ஃபிளாஷுக்கு உடனே தனி இதழ் கிடைத்துவிடவில்லை. 8, 13, 14 என்று மேலும் மூன்று முறை சோதித்துவிட்டு 1959-ல்தான் கொடுத்தார்கள். பலவீனமான முதல் கதையில் எந்தப் பக்கம் வேலை செய்கிறது என்று ஒன்றையாவது தேடிச் சொல்லுங்கள். இல்லவே இல்லையென்றால் பொய்யாகச் சொல்ல வேண்டாம்.

கதைகளுக்குள் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அப்போ ‘இதழ்’ன்னு எதை விமர்சிக்கிறது?

பொதுக் கரு இல்லாவிட்டாலும் பொதுவான பிடிவாதம் இருக்கும், அல்லது இருந்திருக்க வேண்டும். எல்லாக் கதையும் சண்டையில் முடிகிறதா? நான்கு எழுத்தாளர்களும் கதைசொல்லி வாசகத்தால் கட்டங்களை நிரப்புகிறார்களா? பெண் பாத்திரங்கள் நாலு கதையிலும் காப்பாற்றப்படுவதற்கு மட்டும் வருகிறார்களா? ஒரு கதையில் பார்த்தால் தற்செயல், நான்கிலும் இருந்தால் எடிட்டரின் ரசனை. இதைத் தனிக்கதை விமர்சனத்தில் பிடிக்க முடியாது. முழு இதழையும் ஒரே உட்காரலில் படித்தவருக்குத்தான் தெரியும். நாலு நாளில் நாலு கதை படித்துவிட்டு இதழைப் பற்றி எழுதாதீர்கள்.

ஒரு தொடரை இதழ் இதழாக எழுதிட்டு வர்றேன். கொஞ்ச நாளில் எல்லா விமர்சனமும் ஒரே மாதிரி ஆயிடுச்சு.

நீளமான ஆந்தாலஜித் தொடரில் இது எல்லோருக்கும் வரும். இதழுக்கு இதழ் தொடர்ந்து வரும் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு மை தீட்டுபவர், ஒரு எழுத்து அமைப்பாளர், அடிக்கடி தலைகாட்டும் ஒரு இரண்டாம் நிலை ஹீரோ. அவர் இந்த இதழில் என்ன மாற்றினார் என்று ஒரு பத்தி. அது போதும், விமர்சனங்களுக்குள் ஒரு தொடர்ச்சி வந்துவிடும்.

கூடவே ஒரு ஏற்பாடு: ‘இந்த இதழில் நான்கு கதைகள் உள்ளன’ என்று தொடங்குவதை விட்டுவிட்டு, அந்த இதழில் உங்களை நிறுத்திய கட்டத்திலிருந்து நேராகத் தொடங்குங்கள். பெயர், பக்க எண்ணிக்கை, ஆட்கள் விவரமெல்லாம் இரண்டாம் பத்தியில் வரட்டும். நிறுத்திய கட்டமே இல்லாத இதழ் என்றால், அதை அடுத்த இதழோடு சேர்த்து ஒரே விமர்சனமாக எழுதிவிடுங்கள்.